படத்தைத் திருத்துகிறோமா, ஆளை மாற்றுகிறோமா?

மட்டக்களப்பில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அன்று மாலைக்குள் சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பெனர் ஏறிவிடும். அந்தப் பெனரில் உள்ள முகத்தை, நாம் பழகிய முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயலிலும் வாவியிலும் வெயிலில் நின்று உழைத்த ஒருவர், இறந்த பிறகு வெளுத்துப்போய் இருப்பார். நெற்றிச் சுருக்கம் இருக்காது. கன்னத்துத் தழும்பு இருக்காது. கலியாண அல்பங்களிலும் இதே கதைதான். மணமகளின் முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம்.

இன்னொரு வகைப் படமும் இந்த மாவட்டத்தில் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின், கணவனின், சகோதரனின் படத்தைப் பெரிதாக்கி, லெமினேட் செய்து, கவனயீர்ப்புப் போராட்டங்களில் ஏந்தி நிற்கிறார்களே, அந்தப் படம். பல குடும்பங்களுக்கு அந்த ஆள் இருந்தார் என்பதற்குக் கையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

அஞ்சலிப் பெனர், கலியாண அல்பம், தேடப்படுபவரின் படம் ஆகிய மூன்றும் ஒரே வகை மென்பொருளின் சில நகர்த்திப் பட்டைகளைத் தாண்டித்தான் நம் கண்ணுக்கு வருகின்றன. ஊடகக் கற்கை படித்துவிட்டுச் சுயாதீனச் செய்தியாளராக வேலை செய்யும் எனக்கு, எழுதுவதும் படம் எடுப்பதும் அதைத் திருத்துவதும் ஒரே ஆளின் வேலை. அந்தப் பட்டைகளை நான் தினமும் தொடுகிறேன். இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எல்லோரும் தொடுகிறார்கள். அவை உண்மையில் என்ன செய்கின்றன, எந்த இடத்தில் திருத்தம் முடிந்து மாற்றம் தொடங்குகிறது என்பதை விளங்கப்படுத்துவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

படம் என்பது எண்களின் அட்டவணை

டிஜிட்டல் படம் ஒன்றைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று எண்கள் உண்டு: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் சமமாக நடுவில் இருந்தால் சாம்பல். 256 படிகள் மூன்று முறை பெருக்கப்படும்போது ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள் கிடைக்கின்றன.

நிறம் திருத்துவது என்றால் இந்த எண்களை மாற்றுவதுதான். 1990 இல் தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற சகோதரர்களின் போட்டோஷொப் விற்பனைக்கு வந்தது முதல், இன்று கைத்தொலைபேசியில் உள்ள இலவசச் செயலி வரை, அடிப்படைக் கணக்கு ஒன்றே. கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது. அந்தக் கணக்குப் படம் முழுவதற்கும் ஒரே மாதிரிப் போடப்படுகிறதா, அல்லது ஓர் இடத்துக்கு மட்டும், ஒரு நிறத்துக்கு மட்டும் போடப்படுகிறதா என்பதே முக்கியமான கேள்வி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் பல விடயங்கள் இதில்தான் தங்கியுள்ளன.

வாவியின் வெளிச்சமும் கமராவின் ஊகமும்

திருத்தம் ஏன் தேவைப்படுகிறது? எடுத்த படத்தை அப்படியே விட்டால் அதுதானே உண்மை? பலரும் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஆனால் கமரா கண்டதை அப்படியே பதிவதில்லை. அது இரண்டு விடயங்களை ஊகிக்கிறது: வெளிச்சத்தின் அளவு, வெளிச்சத்தின் நிறம். இரண்டிலும் அது பிழைவிடும்.

எங்கள் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே வயல்வெளிகளோடு படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை என்று வெளிச்சத்தை வைத்தே ஊருக்குப் பெயர் வைத்த மக்கள் நாங்கள். இங்கே படம் எடுப்பவருக்கு இந்தப் பெயர்களே ஒரு பாடம். மாலையில் எழுவான்கரையில் நின்று வாவியைப் பார்த்தால் சூரியன் எதிரே. நீர் முழுவதும் தகதகக்கும். அந்த நேரம் தோணியில் வீச்சுவலை எறியும் மீனவரைப் படம் எடுத்தால், கமரா அந்தப் பளபளப்பைக் கண்டு வெளிச்சம் அதிகம் என்று எண்ணி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். மீனவரின் முகம் கறுத்த நிழலாகிவிடும்.

காரணம், கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதன் சராசரி நடுத்தரச் சாம்பலாக இருக்க வேண்டும் என்ற கணக்கில் இயங்குவது. வெள்ளை மணலைச் சாம்பலாக்கப் பார்க்கும், கறுப்பு எருமையையும் சாம்பலாக்கப் பார்க்கும். புதிய கைத்தொலைபேசிகள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்கின்றன. ஆனாலும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலையோடு ஒரு கூட்டம் கோயில் வீதியில் நின்றால், முகங்கள் உண்மையை விட இருண்டுதான் விழும். இதைத் திருத்தி முகத்தை வெளிக்கொண்டுவருவது பொய்யல்ல. நேரில் நின்றவர் கண்ட முகத்தை மீட்பதுதான்.

அடுத்தது வெளிச்சத்தின் நிறம். மெழுகுதிரி வெளிச்சம் செம்மஞ்சள், நடுப்பகல் வெயில் ஏறத்தாழ நடுநிலை, மரநிழல் நீலம். இதைக் கெல்வின் என்ற அலகால் அளக்கிறார்கள். மெழுகுதிரி 1900 கெல்வின் அளவில், பழைய குண்டு மின்குமிழ் 2700 முதல் 3200 வரை, நடுப்பகல் 5500 அளவில், நிழல் 7000க்கு மேல். நமது மூளை இந்த வேறுபாட்டைத் தானாகவே ஈடுசெய்கிறது. மாமர நிழலில் இருக்கும் வெள்ளைச் சட்டையை நாம் வெள்ளையாகவே காண்கிறோம். கமரா அதை நீலமாகப் பதியக்கூடும்.

வைட் பலன்ஸ் என்ற வசதி இதைச் சரிசெய்யத்தான். படத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டிய ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினால், அங்கே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சமமாக்கி, அதே விகிதத்தைப் படம் முழுவதற்கும் போடும். ஒரு பாடசாலைச் சீருடை, ஒரு கடதாசி, சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பு போதும். பலரையும் குழப்பும் ஒரு விடயம்: செயலியில் கெல்வின் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறது. நிழலின் நீலத்தை ஈடுசெய்வதற்காக மென்பொருள் மஞ்சளைச் சேர்ப்பதே காரணம்.

இதற்கும் எல்லை உண்டு. வெள்ள காலத்தில் நீலத் தரப்பாள் கொட்டிலுக்குள் இருப்பவர்களைப் படம் எடுத்தால் எல்லோரும் நீலமாக இருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பே மிகக் குறைவு. இல்லாத சிவப்பை மென்பொருளால் முழுமையாக வரவழைக்க முடியாது. வற்புறுத்தி இழுத்தால் முகம் திட்டுத் திட்டாகப் போகும். அப்படியான இடத்தில் ஆளைக் கொட்டிலின் வாசலுக்கு அழைப்பது எந்த மென்பொருளையும் விடச் சிறந்தது. அல்லது அந்த நீலத்தை ஓரளவு விட்டுவிடலாம். அவர்கள் தரப்பாளுக்குக் கீழே இருந்தார்கள் என்பதும் செய்திதானே.

ஹிஸ்டோகிராம், லெவல்ஸ், கேர்வ்ஸ்

திருத்தும் செயலிகளில் மலைத்தொடர் போன்ற ஒரு வரைபடம் தெரியும். அதுதான் ஹிஸ்டோகிராம். இடது முனை கறுப்பு, வலது முனை வெள்ளை. எத்தனை சதுரங்கள் எந்த வெளிச்ச அளவில் இருக்கின்றன என்பதை உயரம் காட்டுகிறது. மலை முழுவதும் நடுவில் குந்தியிருந்தால் படம் மங்கல். வலது சுவரில் போய் இடித்து நின்றால், அந்த இடங்களில் விபரம் வெந்து போய்விட்டது. சேலையின் வெள்ளைச் சரிகை வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டால், பிறகு எவ்வளவு இருட்டாக்கினாலும் சரிகை வராது, சாம்பல் திட்டுத்தான் வரும். பதியப்படாததை மீட்க முடியாது.

லெவல்ஸ் என்பது இந்த மலையின் இரண்டு முனைகளையும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இழுத்துவிடும் கருவி. கேர்வ்ஸ் இன்னும் நுணுக்கமானது. ஒரு சாய்கோட்டை நீங்கள் வளைக்கிறீர்கள். நடுவில் மேலே தூக்கினால் நடுத்தர நிறங்கள் வெளிச்சமாகும், கறுப்பும் வெள்ளையும் அப்படியே நிற்கும். ஆங்கில எஸ் எழுத்துப் போல மெதுவாக வளைத்தால் இருட்டு இன்னும் இருண்டு, வெளிச்சம் இன்னும் வெளிறி, படத்துக்கு அழுத்தம் வரும். இருண்ட முகத்தை வெளிக்கொண்டுவர, வெறும் பிரைட்னஸ் பட்டையைத் தள்ளுவதை விடக் கேர்வ்ஸின் நடுப்பகுதியைச் சற்றுத் தூக்குவது நல்லது. வானம் வெந்து போகாது.

எவ்வளவு இழுக்கலாம் என்பது கோப்பின் வகையில் தங்கியுள்ளது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். கமராவின் ரோ கோப்பில் 12 பிட் என்றால் 4096 படிகள், 14 பிட் என்றால் 16,384 படிகள். ஜேபெக்கை அதிகம் இழுத்தால் படிகளுக்கிடையே இடைவெளி விழுந்து, மாலை வானம் படிக்கட்டுப் போலத் தெரியும். வட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த படம் ஏற்கெனவே நெரிக்கப்பட்டது. அதைத் திருத்தி நல்லதாக்குவது கடினம். திருத்த வேண்டிய படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

தோலின் நிறம்: செம்மஞ்சள் பட்டையின் அரசியல்

இனி ஸ்டூடியோவுக்கு வருவோம். முகம் வெளுப்பது எப்படி?

எடுகோளாக ஒரு கபில நிற முகத்தை எடுப்போம். சிவப்பு 120, பச்சை 80, நீலம் 60. இன்னொரு வெளிர் முகம்: 225, 180, 155. இரண்டும் வேறு வேறு நிறங்கள் போலத் தோன்றும். ஆனால் நிறச் சக்கரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே, 20 பாகை அளவில் நிற்கின்றன. வீடியோவுக்கு நிறம் திருத்துபவர்கள் உலகின் எல்லா மனிதர்களின் தோலுக்கும் ஒரே ஒரு கோட்டைத்தான் வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். தோல்களுக்கிடையே பெரிதும் மாறுவது வெளிச்சமும் செறிவுமே, நிறத்தின் திசை அல்ல.

மென்பொருளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக மூன்று பட்டைகள் உண்டு: நிறத்தின் திசை, செறிவு, வெளிச்சம். தோல் பெரும்பாலும் செம்மஞ்சள் பட்டைக்குள் விழும். அந்த ஒரு பட்டையின் வெளிச்சத்தைக் கூட்டி, செறிவைக் குறைத்தால் போதும். சேலையும் மாலையும் அப்படியே நிற்க, தோல் மட்டும் வெளுத்துவிடும். ஒரு நிமிட வேலை. கையும் கழுத்தும் வேறு வெளிச்சத்தில் இருந்தால் அவை சரியாக வெளுக்காது. அதனால்தான் அல்பத்தில் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். பெனரில் தங்கச் சங்கிலியும் வெளிறித் தெரிவதற்கும் காரணம் இதுவே. தங்கத்தின் நிறமும் அதே பட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முன்னே சொன்ன கேள்வி இங்கே வருகிறது. இருண்டு விழுந்த படத்தை முழுவதுமாக வெளிச்சமாக்குவது கமராவின் ஊகத்தைத் திருத்துவது. சூழல் எல்லாம் அப்படியே இருக்கத் தோலை மட்டும் வெளுப்பது ஆளைத் திருத்துவது. இதில் ஸ்டூடியோக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்க தம்பி’ என்று கேட்பவர்கள் நாங்கள்தான். கேட்காவிட்டாலும், வெளுக்காமல் கொடுத்தால் படம் சரியில்லை என்று அடுத்த கடைக்குப் போகிறவர்களும் நாங்கள்தான். வரன் பார்க்கும் படத்தில் தொடங்குவது அஞ்சலிப் பெனர் வரை வருகிறது.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. கொடாக் நிறுவனம் 1950களில் இருந்து, கலர்ப் பிரதி போடும் ஆய்வுகூடங்களுக்கு நிற அளவீட்டுக்காக ஒரு பெண்ணின் படத்தை அனுப்பிவந்தது. ‘ஷேர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் பெண். அவருடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த தோல் விபரமில்லாமல் இருண்டு போனால் அது யாருக்கும் பிரச்சினையாகத் தெரியவில்லை. கனேடிய ஆய்வாளர் லோர்னா ரோத் இந்த வரலாற்றை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். கறுப்புத் தோலின் படம் சரியாக வரவில்லை என்ற முறைப்பாட்டை விட, சொக்கலேட்டினதும் மரத் தளபாடத்தினதும் நிறம் சரியாக வரவில்லை என்ற விளம்பரக்காரர்களின் முறைப்பாடே பிலிமைத் திருத்தத் தூண்டியது என்பது அவர் வெளிக்கொண்டுவந்த கசப்பான தகவல். பல இனத்துப் பெண்களும் சேர்ந்த அட்டை 1990களின் நடுப்பகுதியில்தான் வந்தது. 2021 இல் கூகுள் தனது கைத்தொலைபேசிக் கமராவில் கறுத்த தோலைச் சரியாகக் காட்டும் முயற்சியைத் தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், இந்தச் சாய்வு எவ்வளவு காலம் நீடித்தது என்று பாருங்கள்.

ஒரு முரணையும் கவனியுங்கள். கடவுச்சீட்டுப் படத்துக்கான சர்வதேச விதிகள், தோலின் இயல்பான நிறம் தெரிய வேண்டும் என்கின்றன. ஆகவே ஒரே ஸ்டூடியோவில், ஒரே ஆளுக்கு, கடவுச்சீட்டுக்கு ஒரு நிறம், கலியாணத்துக்கு இன்னொரு நிறம். அடையாளம் காண வேண்டும் என்று வரும்போது எந்த நிறம் தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது.

மங்கிய படங்கள்: மீட்பதும் கற்பனை செய்வதும்

1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. அந்தக் காலத்துக் கலர்ப் படங்கள் இன்று 30 வருடங்களைத் தாண்டிவிட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடி, கல்லடிப் பக்கங்களில் வீடுகளோடு அல்பங்களையும் அள்ளிச் சென்றது. எஞ்சியவை உப்புநீர் பட்டவை. இந்தப் படங்களைத் திருத்துவது அழகுக்கான வேலை அல்ல.

கலர்ப் பிரதியில் சியான், மஜெந்தா, மஞ்சள் என மூன்று சாயங்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. பழைய பிரதிகளில், அல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் வெப்பமும் ஈரப்பதனும் பட்டுச் சியான் முதலில் போகும். சியான்தான் சிவப்பை அடக்கி வைப்பது. அது போனதும் படம் முழுவதும் சிவந்துவிடும். சுவரில் மாட்டி வெளிச்சம் பட்ட படத்தில் பொதுவாக மஜெந்தா முந்தி மங்கும். கடதாசியும் மஞ்சளிக்கும். மட்டக்களப்பின் புழுக்கம் இவை எல்லாவற்றையும் விரைவாக்குகிறது.

இதைத் திருத்துவது முன்னே சொன்ன லெவல்ஸ் வேலைதான். ஆனால் மூன்று நிறங்களையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். சிவந்துபோன படத்தில் சிவப்பின் மலை முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கி இருக்கும். அதன் இடது முனையை மலை தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவந்தால், இருண்ட பகுதிகளில் இருந்த சிவப்பு வடிந்துவிடும். மஞ்சளித்த வெள்ளைக்கு, நீலத்தின் வலது முனையை உள்ளே கொண்டுவர வேண்டும். இந்த இரண்டு அசைவுகளிலேயே பல படங்களில் வானம் மீண்டும் நீலமாகும், தலைமுடி கறுப்பாகும். பார்த்துக்கொண்டிருக்கும் உறவினர்கள் மௌனமாகிப் போவதைக் கண்டிருக்கிறேன். இதில் எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. கடதாசியில் இன்னும் மிஞ்சியிருந்த சாயமே விரித்துக் காட்டப்படுகிறது.

இன்று இன்னொரு வழி வந்திருக்கிறது. மங்கிய, சிறிய முகத்தைக் கொடுத்தால் ஒரு நொடியில் கூர்மையான முகமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். இவை செய்வது நிறத் திருத்தம் அல்ல. ஏராளமான முகங்களில் இருந்து கற்றுக்கொண்ட பொதுவான கண்ணையும் மூக்கையும் தோலையும், உங்கள் படத்தில் விபரம் இல்லாத இடத்தில் வரைகின்றன. வருவது ஒரு முகம்தான், ஆனால் அது அவருடைய முகம் என்று சொல்ல முடியாது. மச்சம் போய்விடலாம், பல்வரிசை மாறலாம், உதட்டோரத் தழும்பு இல்லாமல் போகலாம்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறமூட்டுவதிலும் இதே ஆபத்து. எங்கள் பழைய தேசிய அடையாள அட்டைகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் படம். அதில் தோலின் நிறம், சட்டையின் நிறம் பற்றிய தகவலே கிடையாது. செயலி போடும் நிறம் ஓர் ஊகம். நீல நிறச் சட்டை என்று அது காட்டினால், நாளை யாராவது அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக்கூடும். கடைசியாக உடுத்திருந்த சட்டையின் நிறம் விசாரணைகளில் கேட்கப்படும் கேள்வி என்பதைக் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு தாய் தன் மகனின் படம் கலரில் இருக்க வேண்டும் என்று விரும்பினால் அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. வீட்டுச் சுவரில் இருக்கும் படம் அவருடைய நினைவுக்கானது. ஆனால் விண்ணப்பத்தோடு இணைக்கும் படமும், ஊடகங்களுக்குக் கொடுக்கும் படமும், போராட்டத்தில் ஏந்தும் படமும் அடையாளத்துக்கானவை. அங்கே வெளுத்த தோலும் ஊகித்த முகமும் தேடுபவருக்கு எதிராகவே வேலை செய்யும். இரண்டு பிரதிகளையும் வேறு வேறாக வைத்திருப்பதுதான் வழி.

செய்திப் படத்தின் எல்லை எது?

நிறத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் மாற்றினால், எதையும் வெட்டி ஒட்டாவிட்டால், படம் உண்மை என்று சொல்லலாமா? 1994 ஜூனில் ஓ.ஜே. சிம்சன் கைதானபோது பொலிஸார் எடுத்த ஒரே படத்தை இரண்டு அமெரிக்கச் சஞ்சிகைகள் அட்டையில் போட்டன. நியூஸ்வீக் அப்படியே போட்டது. டைம் அதை இருட்டாக்கி, முகத்தை இன்னும் கறுப்பாக்கிப் போட்டது. ஒரு பொருளும் சேர்க்கப்படவில்லை, நீக்கப்படவில்லை. ஆனாலும் வழக்குத் தொடங்க முன்பே ஒருவரைக் குற்றவாளியாகக் காட்டியது என்றும், கறுப்பு நிறத்தைக் குற்றத்தோடு முடிச்சுப் போட்டது என்றும் கடும் கண்டனம் எழுந்தது. எங்களுடைய பெனர்கள் வெளுக்கின்றன, அங்கே கறுப்பாக்கினார்கள். பின்னால் இருப்பது ஒரே எண்ணம்.

2013 இல் உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற, சுவீடன் நாட்டுப் படப்பிடிப்பாளர் போல் ஹான்சன் காசாவில் எடுத்த இறுதி ஊர்வலப் படமும் சர்ச்சைக்குள்ளானது. கொல்லப்பட்ட இரண்டு குழந்தைகளின் உடல்களை உறவினர்கள் தூக்கிச் செல்லும் காட்சி. வெளிச்சம் சினிமாப் போல இருக்கிறது, பல படங்களை ஒட்டியிருக்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. போட்டி நடத்துபவர்கள் ரோ கோப்பை நிபுணர்களைக் கொண்டு பரிசோதித்தார்கள். ஒட்டுவேலை இல்லை, நிறமும் வெளிச்சமும் மட்டுமே திருத்தப்பட்டுள்ளன என்று முடிவாயிற்று. படம் உண்மையானது. ஆனால் அதிகத் திருத்தம் அந்தக் குழந்தைகளின் மரணத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பற்றிப் பேச வைத்தது என்பதும் உண்மை. 2015 போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 சதவீதம் விலக்கப்பட்டன. சிறு பொருட்களை அழித்ததோடு, விபரம் மறையும் அளவுக்கு இருட்டாக்கியதும் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஏபி செய்தி நிறுவனத்தின் விதி எனக்குப் பயன்படும் ஓர் அளவுகோல். காட்சி தெளிவாகவும் சரியாகவும் தெரிவதற்குத் தேவையான குறைந்தபட்சத் திருத்தம் செய்யலாம், மூலக் காட்சியைக் கணிசமாக மாற்றும் அளவுக்கு நிறத்தையோ அழுத்தத்தையோ மாற்றக்கூடாது என்பது அதன் சாரம்.

இதை எங்கள் பிரதேசத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைப் போன்ற ஒரு பேரிடரில், ‘டீஹேஸ்’ பட்டையை முழுவதும் தள்ளினால் சாதாரண மழை மேகமும் புயல் மேகமாகிவிடும். செறிவைக் கூட்டினால் கலங்கல் நீர் இரத்தச் சிவப்பாகும். வாவியில் கழிவு கலக்கிறது என்று மீனவர்கள் முறையிடும்போது நீரின் நிறம்தான் சாட்சி. அந்தப் படத்தில் பச்சையைக் கொஞ்சம் கூட்டிவிட்டால், அது தெரியவரும் நாளில் முறைப்பாடே பொய் என்று தள்ளப்படும். மிகைப்படுத்தி உதவப் போய், உண்மையான பாதிப்பைக் கெடுத்துவிடுவோம். அதனால் இப்படியான இடங்களில் நீரை மட்டும் தனியே எடுக்காமல், ஒரு வெள்ளைத் தாளையோ வெள்ளைப் போத்தல் மூடியையோ சட்டகத்துக்குள் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். நிறம் பற்றிக் கேள்வி வந்தால் அந்த வெள்ளை பதில் சொல்லும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. பழைய படங்களை முதலில் பிரதி எடுங்கள், பிறகு திருத்துங்கள். ஸ்கானர் இருந்தால் குறைந்தது 600 டிபிஐ அளவில் எடுத்து, டிஃப் வகைக் கோப்பாகச் சேமியுங்கள். சிறிய அடையாள அட்டைப் படம் என்றால் 1200.

2. ஸ்கானர் இல்லாவிட்டால் கைத்தொலைபேசி போதும். படத்தை யன்னலோரம் நிழலில், தட்டையாக வைத்து, நேர் மேலே இருந்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம். பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். வைட் பலன்ஸுக்கு உதவும்.

3. கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். சாயப் படலம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள்.

4. மூலப் பிரதியின் மேல் எதையும் சேமிக்க வேண்டாம். திருத்தியதற்கு வேறு பெயர் கொடுங்கள். பின்பக்கம் எழுதியிருக்கும் பெயர், திகதி, ஸ்டூடியோ முத்திரையையும் படம் எடுத்து வையுங்கள்.

5. திருத்தும் ஒழுங்கு: முதலில் வைட் பலன்ஸ், அடுத்து லெவல்ஸ், பிறகு கேர்வ்ஸ், கடைசியாகத் தேவையானால் மட்டும் செறிவு. கணினியில் கிம்ப், கைத்தொலைபேசியில் ஸ்னப்சீட் ஆகிய இலவச மென்பொருட்களே இதற்குப் போதும்.

6. திரையின் வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்துத் திருத்துங்கள். இரவில் மங்கிய திரையில் திருத்திய படம் பகலில் வெளிறித் தெரியும். முடித்ததும் பத்து நிமிடம் விட்டுவிட்டு வந்து, மூலத்தோடு அருகருகே வைத்துப் பாருங்கள்.

7. ஸ்டூடியோவில் கொடுக்கும்போது, தோலைத் தொடாமல் ஒரு பிரதி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் செய்து தருவார்கள். அலங்காரப் பிரதி வேண்டுமானால் அதை இன்னொன்றாக வாங்கிக்கொள்ளலாம்.

வாடைக்காற்றோடு வரும் மாரி மழை தொடங்கிவிட்டால் இங்கே அலுமாரிக்குள்ளும் ஈரம் ஏறிவிடும். அல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும் காலம் அது. பூஞ்சணம் தின்ற முகத்தை லெவல்ஸும் கேர்வ்ஸும் மீட்டுத் தராது. ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, வீட்டில் உள்ள பழைய படங்களை யன்னலோரம் எடுத்து வையுங்கள். படத்தில் இருப்பது யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.